ஆப்டிபிளெக்ஸ் 7010 சின்னப் பெட்டி: டிவிடி டிரைவ் மாற்ற எதை வாங்குறது?

ஹட்டன்_ஸ்டூடியோ:
டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 கம்ப்யூட்டர், ஒல்லியான எஸ்எஃப்எஃப் பெட்டி, விண்டோஸ் 10. கல்யாணம், சடங்கு வீடியோ டிவிடிகளைப் பென் டிரைவுக்கு மாத்திக் குடுக்கிற வேலை எல்லாம் இதிலதான். இப்ப சீடி போட்டா ஓடுது. டிவிடி போட்டா கொஞ்ச நேரம் சுத்திட்டு நின்னுடுது, டிஸ்க் போடச் சொல்லிக் கேட்குது. டவுன் கடையில ஒரு பழைய லேப்டாப் டிவிடி டிரைவ் இருக்கு. அது இதுக்குப் பொருந்துமா? பெரிய டெஸ்க்டாப் டிரைவ் ஒண்ணும் கையில சும்மா கிடக்கு, அதைப் போட வழி இருக்கா?

நானுஓயா_டெக்:
வாங்குறதுக்கு முதல்ல ஒண்ணு பாருங்க. சீடி ஓடி டிவிடி ஓடாட்டி டிரைவ் செத்துப் போச்சுன்னு உடனே முடிவு கட்ட வேணாம். உள்ளே ரெண்டு லேசர் இருக்கு: சீடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650. டிவிடி லேசர் மட்டும் பலவீனமானா நீங்க சொல்ற மாதிரியேதான் நடக்கும். ஆனா லென்ஸ்ல மங்கல் படிஞ்சாலும் முதல்ல அடி வாங்குறது டிவிடிதான், அதுல தகவல் பதிஞ்ச புள்ளிகள் ரொம்ப நெருக்கம்.

உங்க பெட்டியில உள்ளது லேப்டாப் மாதிரி ஒல்லி டிரைவ். அதுல ஒரு வசதி, லென்ஸ் ட்ரேயோட சேர்ந்து வெளியே வரும். மெஷினை ஆஃப் பண்ணிட்டு, நிமிர்த்தின பேப்பர் கிளிப்பை முன்பக்கச் சின்ன ஓட்டையில நேரா அழுத்தி ட்ரேயைத் திறங்க. 90 சதவீதத்துக்கு மேல உள்ள ஐசோபுரோபில் அல்கஹோல் ஒரு சொட்டு, காது குடையிற பஞ்சுக் குச்சி, இவ்வளவு போதும். மெதுவா ஒரே ஒரு சுத்து. அழுத்தாதீங்க, லென்ஸ் மெல்லிய கம்பிகள்லதான் தொங்குது. சர்ஜிக்கல் ஸ்பிரிட்ல எண்ணெய் கலந்திருக்கலாம், அது வேணாம். தூரிகை ஒட்டின கிளீனிங் சீடியும் ஒல்லி டிரைவுக்கு ஆகாது.

இன்னொண்ணு நம்ம பக்கத்துக் குளிர். ராத்திரி சில்லிட்டுக் கிடந்த பெட்டியை, ஹீட்டரும் கெட்டிலும் ஓடுற ரூம்ல உடனே போட்டா லென்ஸ்ல நீர் பூக்கும். ஒரு மணித்தியாலம் விட்டுட்டுச் சோதிங்க. டிஸ்க்கை நடுவுல 'டிக்'னு சத்தம் வரும்வரை அமுக்கினீங்களா என்றும் பாருங்க. லேப்டாப் வகையில அது சரியா உக்காராட்டியும் இதே கதைதான்.

பண்டாரவளை_வயரிங்:
அண்ணன் சொன்னதைச் செஞ்சும் ஓடலைன்னா மாத்தத்தான் வேணும். வாங்கும்போது மூணு விஷயம்.

ஒண்ணு தடிப்பு. லேப்டாப் டிரைவ் 12.7 மிமீ, 9.5 மிமீ என்று ரெண்டு வகை. உங்க பழையதைக் கழட்டி ஸ்கேல் வச்சு அளந்துட்டே கடைக்குப் போங்க. ஸ்டிக்கரைப் பார்த்தும் சொல்லலாம்: ஹிட்டாச்சி-எல்ஜியில ஜிடி என்று தொடங்கினா 12.7, ஜியு என்றா 9.5. தோஷிபா-சாம்சங்கில எஸ்என்-208 தடிச்சது, எஸ்யு-208 மெல்லிசு.

ரெண்டாவது பிளக். ஒல்லி சாட்டா (டிரைவை இணைக்கிற ஒரு பிளக் வகை) என்றா டேட்டாவுக்கு 7 பின், கரண்டுக்கு 6 பின், நடுவுல ஒரு சின்ன இடைவெளி. ரொம்பப் பழைய லேப்டாப் டிரைவ்ல 50 பின் ஐடிஇ பிளக் இருக்கும், அதைத் தொடவே வேணாம்.

மூணாவது முகப்புத் தகடு. லேப்டாப் தகடு பெரும்பாலும் வளைஞ்சு சரிஞ்சு இருக்கும். பழைய டிரைவோட தகட்டைக் கழட்டிப் புதுசுல மாட்டலாம், ஆனா ஒரே கம்பெனி, ஒரே வரிசை என்றாத்தான் கிளிப்பும் பட்டன் இடமும் ஒத்துப்போகும். ட்ரேயை வெளியே இழுத்து வச்சுக்கிட்டுத்தான் தகட்டைக் கழட்டணும். மூடினபடி நெம்பினா கிளிப் உடையும்.

பெரிய டிரைவை மறந்துடுங்க. அகலம் 146 மிமீ, உயரம் 41 மிமீ, உள்ளே போகாது. வெளியே வச்சு அடாப்டர் போடலாம்னா அதுக்கு 12 வோல்ட்டும் வேணும். ஒல்லி பிளக்ல வர்றது 5 வோல்ட் மட்டும்.

மாத்துற முறை: மெயின் பிளக்கைக் கழட்டி, பவர் பட்டனை சில செக்கன் அமுக்கி மிச்சக் கரண்டை இறக்குங்க. பெட்டியைப் படுக்க வச்சு மூடியைத் திறந்து, பெட்டித் தகரத்தை ஒரு தரம் தொட்டுட்டு வேலையைத் தொடங்குங்க. டிரைவுக்குப் பின்னால வயரை, பிளக்கைப் பிடிச்சு நேரா இழுங்க. வயரைப் பிடிச்சு இழுத்தா உள்ளே பின் வளையும். பிறகு தாழ்ப்பாளை விடுவிச்சு டிரைவை எடுங்க. பழையதுல தகரப் பிடி இருந்தா அதைக் கழட்டிப் புதுசுல மாட்டணும், அதே குட்டி ஸ்குரூவாலேயே. நீளமான ஸ்குரூ போட்டா உள்ளே முட்டி ட்ரே சிக்கிக்கும்.

ஆன்லைன்ல 7010 என்று தேடினா கவனம். 2023ல டெல் அதே எண்ல வேற மெஷின் விட்டிருக்கு. உங்களது 2012 மாடல்.

ஹட்டன்_ஸ்டூடியோ:
நன்றி அண்ணே. லென்ஸ் துடைச்சும் அப்படியேதான். கழட்டி அளந்தேன், பழையது 12.7. கடையில இருக்கிறது ஜியு70என், சாட்டா. அப்ப அது 9.5, இல்லையா? வேற ஒண்ணும் டவுன்ல இல்லை.

பதுளை_ஐடி_டீச்சர்:
ஆம், 9.5. மின்சாரமும் டேட்டாவும் சரியாக வேலை செய்யும், பிளக் ஒன்றுதான். ஆனால் 3.2 மிமீ இடைவெளி விழும், பழைய முகப்பும் பொருந்தாது. அடியில் பிளாஸ்டிக் துண்டு வைத்துச் சமப்படுத்துகிறார்கள். தினமும் டிஸ்க் மாற்றும் இடத்துக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்: ட்ரேயை அழுத்தும் ஒவ்வொரு முறையும் டிரைவ் பின்னால் நகர்ந்து பிளக் தளரும்.

உங்கள் வேலைக்கு யூஎஸ்பி வெளி டிரைவே போதும் என்பது என் கருத்து. நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள், அது 900 மில்லிஆம்பியர் தரும். பழைய போர்ட்டில் 500தான். டிஸ்க் வேகம் எடுக்கும்போது அது போதாமல் டிரைவ் அடிக்கடி நின்று நின்று இணையும். இரண்டு யூஎஸ்பி முனை உள்ள ரெட்டை வால் கேபிள் வருவது அதற்காகத்தான்.

பண்டாரவளை_வயரிங்:
டீச்சர், யூஎஸ்பி மேசையில கிடந்து கேபிள் இழுபடுமே. கொழும்புல கம்ப்யூட்டர் கடைகள் உள்ள யூனிட்டி பிளாசா பக்கம் யாராவது போனா 12.7 கிடைக்குதான்னு கேட்டுப் பார்க்கலாம். அதுவரைக்கும் யூஎஸ்பி, அதுல எனக்கும் சம்மதம்.

புதுசு மாட்டினதும், மெஷின் கிளம்பும்போது எஃப்2 அமுக்கி பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னால வர்ற செட்டிங்ஸ் திரை) டிரைவ்ஸ் பகுதியில அந்த சாட்டா போர்ட்டுக்கு டிக் இருக்கான்னு பாருங்க. பயாஸ்ல பேர் தெரிஞ்சு விண்டோஸ்ல வராம, டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் குறியோட கோட் 19 அல்லது 39 காட்டினா டிரைவ் மேல பழி இல்லை. பழைய ரைட்டிங் சாஃப்ட்வேர் விட்டுட்டுப் போன அப்பர்ஃபில்டர்ஸ், லோவர்ஃபில்டர்ஸ் பதிவுகள்தான் காரணமா இருக்கும். ரெஜிஸ்ட்ரியில (விண்டோஸ் தன் செட்டிங்ஸைச் சேமிக்கிற இடம்) சீடி-ரோம் கிளாஸுக்குக் கீழ உள்ளதை மட்டும், முதல்ல எக்ஸ்போர்ட் பண்ணி வச்சுட்டு நீக்குங்க. ஹார்ட் டிஸ்க் கிளாஸ்லயும் அதே பேர்ல பதிவு இருக்கலாம், அதைத் தொட்டா விண்டோஸ் கிளம்பாமலே போகலாம்.

நானுஓயா_டெக்:
நல்ல டிரைவ்லயும் ஓடாத டிவிடி வரும், முக்கியமா ஈரத்துல பூஞ்சை பிடிச்சது. சவர்க்காரத் தண்ணியில மெல்லிய துணி நனைச்சு, நடுவிலிருந்து வெளிவிளிம்புக்கு நேர்கோட்டுல துடைங்க. வட்டமா துடைச்சா விழுற கீறல் தடத்தோட கூடவே ஓடும், திருத்தி வாசிக்க முடியாம போகும். அதுக்குப் பிறகும் தடுக்கினா சாதாரணமா காப்பி பண்ணாம லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு புரோகிராமால இமேஜ் (முழு டிஸ்க்கும் ஒரே ஃபைலா) எடுங்க. படிக்க முடிஞ்ச பகுதியை முதல்ல எடுத்துட்டு மிச்சத்துக்குத் திரும்பி வரும். பாதியில நின்னா, எது வாசிச்சாச்சுன்னு அது எழுதி வைக்கிற அதே மேப் ஃபைலோட வேற டிரைவ்ல தொடரலாம். ஒண்ணு விட்ட இடத்தை மற்றது வாசிக்கிறது உண்டு.