மீன் தொட்டியோட வீடு மாறினவை எழுதுங்கோ: எங்க பிழை வருது, ஏன்?

குளக்கட்டு:
எல்லாரும் மீனைப் பற்றித்தான் யோசிக்கினம், தொட்டியை ஆரும் யோசிக்கிறேல்ல. மூண்டடித் தொட்டி (3 × 1½ × 1½) நிரம்பினால் 190 லீற்றர். 8 மில்லிமீற்றர் கண்ணாடி எண்டால் வெறும் தொட்டியே 34 கிலோவுக்குக் கிட்ட. கிடக்கட்டும் எண்டு 10 சென்ரிமீற்றர் தண்ணி விட்டால் இன்னும் 40 கிலோ. ரெண்டு பேர் ரெண்டு அந்தத்தில பிடிச்சுத் தூக்க அடிக்கண்ணாடி வளைஞ்சு மூலைச் சிலிக்கன் இழுபடும். தூக்கேக்க ஒண்டும் தெரியாது. புது வீட்டில நிரப்பி வைச்சு, விடிய எழும்பிப் பார்த்தால் ஸ்ராண்ட் பலகை ஒரு மூலையில மட்டும் கறுத்து ஈரமாக் கிடக்கும். அதுதான் அடையாளம்.

தண்ணி, கல், மண் எல்லாம் எடுங்கோ. அளவுக்கு வெட்டின அரை அங்குலப் பிளைவூட், அதுக்கு மேல ரெஜிபோம் (வெள்ளை நுரை) தகடு, அதுக்கு மேல தொட்டி. தூக்கிறது பலகையைத்தான், கண்ணாடியை இல்லை. ஒழுகினால் மேலால சிலிக்கன் பூசி வேலையில்லை. பழைய சிலிக்கனில புதுசு ஒட்டாது. உள்மூலை முழுக்கச் சுரண்டி எடுத்துப் பூசி, நல்லாக் காயவிடோணும். பூஞ்சணத்துக்கு மருந்து கலந்த குளியலறைச் சிலிக்கன் வேண்டாம்.

ஏ9_ஓரம்:
குளக்கட்டு அண்ணை சொன்னது சரி. ஆனா கூடுதலா மீன் சாகிறது பில்டராலதான். மூடின கனிஸ்டர் பில்டரை தண்ணியோட அப்பிடியே பட்டா லொறியில ஏத்தி, வெயிலுக்க ரெண்டு மூண்டு மணித்தியாலம். உள்ளுக்கு ஒட்சிசன் முடிஞ்சு மீன் கழிவில வாற அமோனியா நஞ்சைத் தின்னுற பக்ரீரியா சாகத் தொடங்கும். புது வீட்டில பிளக்கைக் குத்தினவுடன முதல் வாற தண்ணி அழுகின முட்டை மணம். அந்தத் தண்ணி நேர தொட்டிக்க போனால் கதை முடிஞ்சுது.

பில்டருக்க இருக்கிற ஸ்பொஞ்சையும் பீங்கான் வளையங்களையும் வெளியில எடுத்து, தொட்டித் தண்ணி விட்ட வாளியில தாழ்த்தி வைச்சு, பற்றரி எயார் பம் போடுங்கோ. பைப் தண்ணியில கழுவ வேண்டாம். குளோரின் மிச்சப் பக்ரீரியாவையும் சாக்காட்டிப் போடும். போய்ச் சேர்ந்தால் முதல் பூட்டவேண்டியது பில்டர். சாமான் அடுக்கிறது பிறகு.

ஒட்டுசுட்டான்1:
இஞ்ச சிலபேர் "பழைய தண்ணி முழுக்கக் கொண்டுபோனால் பக்ரீரியா வரும்" எண்டு எழுதிறவை. தண்ணியில இருக்கிறது கொஞ்சம்தான். அது ஒட்டிக் கிடக்கிறது ஸ்பொஞ்சில, கல்லில, கண்ணாடியில. பழைய தண்ணி அரைவாசி கொண்டுபோறது வேற காரணத்துக்கு: வன்னியில ஒரு கிணத்துத் தண்ணி மாதிரி அடுத்த கிணறு இராது. கேத்தில் அடியில வெள்ளை எவ்வளவு படியுது எண்டு பார்த்தாலே காணும்.

குழாய்க்கிணத்துத் தண்ணியை மோட்டர் போட்டு நேர தொட்டிக்க விடக்கூடாது. நிலத்துக்கு அடியில இருந்து வாற தண்ணியில ஒட்சிசன் குறைவு, காபனீரொட்சைட்டு கூட. கண்ணாடி மாதிரித் தெளிவா இருக்கும், மீன் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். முதல்நாளே பீப்பாயில நிரப்பி ஓரிரவு எயார் பம்மால காத்து விடுங்கோ. பிஎச் (தண்ணியின்ர அமில-கார அளவு) சோதிக்கிறதும் அதுக்குப் பிறகுதான், உடன எடுத்த தண்ணியில காட்டுறது பொய்க் கணக்கு.

நெடுங்கேணித்தம்பி:
மீன் கொண்டுவந்த பொலித்தீன் பையைத் திறக்கிற நேரம். அதைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை.

பைக்க மீன் விடுற காபனீரொட்சைட்டால பிஎச் இறங்கும். அது வரைக்கும் அமோனியா பெருசாக் கடிக்காது. திறந்தவுடன அந்தக் காத்துப் போக பிஎச் ஏறும். ஒரு அலகு ஏறினால் அமோனியாவின்ர நஞ்சுப் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு. வவுனியாவில இருந்து நல்லா வந்த மீன், பை திறந்து பத்து நிமிசத்தில பக்கமாச் சரியும். ஆக்கள் "பயணக் களைப்பு" எண்டுவினம்.

அரை மணித்தியால ஓட்டமெண்டால் தொட்டித் தண்ணியைச் சொட்டுச் சொட்டா பைக்க விட்டுப் பழக்கலாம். கனநேரம் கட்டிக் கிடந்த பையெண்டால் மூடினபடி மிதக்கவிட்டு சூட்டைச் சமப்படுத்தி, திறந்தவுடன வலையால மாத்துங்கோ. பைத்தண்ணி தொட்டிக்க போகக்கூடாது. இதுக்குத்தான் புதுத் தொட்டித் தண்ணி பழைய தண்ணியோட ஒத்து இருக்கோணும்.

குளக்கட்டு:
தம்பி, அந்த அமோனியாவைக் குறைக்கிற வழி, மீனைப் பையில போட முதல் ஒண்டரை நாள் சாப்பாடு போடாமல் விடுறது. வளந்த மீன் தாங்கும்.

மல்லாவி_அக்கா:
பை விசயத்தில இன்னும் கொஞ்சம். மூண்டில ஒரு பங்கு தண்ணி, மிச்சம் காத்து. பையின்ர ரெண்டு கீழ் மூலையையும் ரப்பர் பாண்டால கட்டாட்டி சின்ன மீன் மூலைக்க போய் நசியும். முள்ளுள்ள மீனுக்கு ரெண்டு பை, நடுவில பேப்பர். பெரிய ஒஸ்கார் மீன் பைக்கு அடங்காது, மூடியுள்ள வாளிதான். கடல்மீன் வாற ரெஜிபோம் பெட்டி சூடு ஏறாமல் வைச்சிருக்கும். உப்புப் போகக் கழுவோணும், சவர்க்காரம் போடப்படாது. ஏத்திறது விடியக்காலமை.

இனி ஒருத்தரும் கேக்காததைச் சொல்லுறன். புது வீடெண்டால் இஞ்ச அத்திவாரத்துக்கும் நிலைக்கும் கறையான் மருந்து அடிக்காமல் விடுறேல்ல. அதில கனது மீனுக்குப் பொல்லாத நஞ்சு, பைரத்திரொயிட் எண்ட பூச்சிமருந்து வகை எண்டால் துளி காணும். நுளம்புக்கு அடிக்கிற புகையிலயும் அந்த வகை இருக்கலாம். எயார் பம் அறைக் காத்தைத்தான் இழுத்துத் தண்ணிக்க விடுது, பெயின்ற் மணமும் அதோட போகும். மருந்து அடிச்ச கையைக் கழுவாமல் தொட்டிக்க விடுறதும் இருக்கு. அடிச்சவையிட்ட மருந்தின்ர பேரைக் கேட்டுப் போத்தலைப் பாருங்கோ. பம்மை யன்னலுக்கு வெளியில, மழை படாமல், தண்ணி மட்டத்துக்கு மேல வைச்சு குழாயை மட்டும் உள்ளுக்கு விடலாம். கீழ வைச்சால் கறண்ட் போனவுடன தண்ணி குழாயால திரும்பி இறங்கும், அதுக்கு ஒரு திரும்பா வால்வு போடோணும்.

ஏ9_ஓரம்:
அக்கா, புகை அடிக்க வந்தால் பம்மை நிப்பாட்டி, ஈரச்சீலையால தொட்டியை மூடுறது சுகம். எல்லாரும் வெளியில குழாய் இழுக்கேலாது.

மல்லாவி_அக்கா:
நிப்பாட்டலாம், ஆனா எவ்வளவு நேரம்? நெருக்கமா மீன் நிக்கிற தொட்டி வன்னி வெயிலில அரை மணித்தியாலம் தாண்டாது. 32 பாகைத் தண்ணியில ஒட்சிசன் ஏற்கெனவே குறைவு.