முறிகண்டிப் பிள்ளையாரும் முற்றத்துக் கொட்டிலும்: வன்னியிலிருந்து அனுபவப் பகிர்வு

கிளிநொச்சி உறுப்பினர்:

கண்டி வீதியால் வடக்கே வருபவருக்கு, இலங்கையின் வடபகுதியான வன்னியை முதலில் உணர்த்துவது பெரிய கட்டடம் எதுவுமன்று. வீதியோரத்து முறிகண்டிப் பிள்ளையார் கோவில்தான். பேருந்திலிருந்து இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் (நிலக்கடலை) சரையுடன் மீண்டும் ஏறும்போது, ஊருக்குள் வந்துவிட்டோம் என்பது எவரும் சொல்லாமலே விளங்கிவிடும். கிளிநொச்சி நகரிலோ, எறிகணை துளைத்த கொங்கிறீற் கட்டியும் அதன்மேல் தாமரையுமாக ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. 2009 ஜனவரியில் நகரைக் கைப்பற்றிய அரசு பின்னர் எழுப்பிய அதைக் காட்டி எவரும் வழி சொல்லி நான் கேட்டதில்லை. போரில் சரிந்து விழுந்த தண்ணீர்த் தாங்கியைச் சொல்வார்கள். அல்லது கரடிப்போக்குச் சந்தி, 155ஆம் கட்டை (மைல்கல்) என்பார்கள். கட்டடங்கள் தரைமட்டமான நகரை இந்தப் பெயர்களே தாங்கி நின்றன என்பது என் எண்ணம்.

வீடுகளிலும் இதையே கண்டேன். போருக்குப் பின் இந்திய அரசு நிதியளித்த வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட, வீட்டை அவர்களே முன்னின்று கட்டினார்கள். வட்டக்கச்சிப் பக்கம் அத்தகைய வீடொன்றுக்கு வேலை நிமித்தம் சென்றபோது, வீட்டுக்கார அம்மா, “உள்ளுக்கை வெக்கை தம்பி, இதிலை இருங்கோ” என்று முற்றத்துக் கொட்டிலில் கதிரையை இழுத்துப் போட்டார். பனங்கப்பு (பனைமரத் தூண்), தென்னோலைக் கிடுகுக் கூரை, சாணம் மெழுகிய தரை, கூரை வளையில் செருகிய அரிவாள்; சமையலும் விருந்தோம்பலும் மத்தியான உறக்கமும் அங்கேதான். சீமெந்து வீட்டுக்குள் நெல் மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன.

முல்லைத்தீவு உறுப்பினர்:

கிடுகை மிகையாகப் புகழ வேண்டாம். மாரியில் ஒழுகும் கூரையின் கீழ் பிள்ளைகளோடு இருந்தவர்கள் கல்வீட்டுக்கு ஆசைப்பட்டது நியாயமே. எனினும், எந்த வீடும் சரி என்று அவர்கள் இருந்துவிடவில்லை. வடக்கு, கிழக்கில் 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் அமைக்கும் திட்டம் 2016இல் பேசப்பட்ட காலத்தில், எங்கள் ஊர்ப் பெண்கள் அதன் படத்தைப் பார்த்து முதலில் தேடியது அடுப்படியை. அடுத்து, பிள்ளை கலியாணம் முடித்தால் இந்தத் தகட்டுச் சுவரிலிருந்து எப்படிப் பத்தி (வீட்டுச் சுவரோடு சேர்த்துச் சாய்வாக இறக்கும் கூடுதல் இடம்) இறக்குவது என்று கேட்டார்கள். வீடு என்பது பத்தி பத்தியாக வளர்வது என்றே பழகிய ஊரில் அதைவிடக் கூர்மையான கேள்வியை நான் கேட்கவில்லை. வெக்கை, காற்றோட்டம், ஆயுட்காலம் என நிபுணர்களும் ஆட்சேபம் எழுப்ப, அத்திட்டம் கடைசியில் கைவிடப்பட்டது.