விவசாய நிலத்துல முயல், எலி சுட ஓனர்கிட்ட பெர்மிஷன் கிடைக்கவே மாட்டேங்குது, எங்க தப்பு பண்றேன்?

புதுஏர்கன்:
எல்லாருக்கும் வணக்கம். ஏர் ரைஃபிள், அதான் காத்தழுத்தத்துல சுடற துப்பாக்கி, வாங்கி எட்டு மாசம் ஆச்சு, குண்டு அளவு 5.5 மில்லிமீட்டர், ஸ்கோப் போட்டது. இதுவரைக்கும் ரேஞ்சுல பேப்பர் டார்கெட் மட்டும்தான், 30 மீட்டர்ல பத்துக்கு பத்தும் ஒரு நாணயத்துக்குள்ள விழுற அளவுக்கு வந்துட்டேன். இப்ப பயிரை நாசம் பண்ற முயல், குடோன் எலி இதுங்களை சுட்டு விவசாயிங்களுக்கு உதவலாம்னு ரெண்டு மாசமா பண்ணை பண்ணையா ஏறி இறங்கிட்டு இருக்கேன். பதினோரு இடம் போயாச்சு, ஒன்னு கூட கிடைக்கல. மூணு பேரு நம்பர் வாங்கி வச்சிக்கிட்டாங்க ஆனா கூப்பிடல, ரெண்டு பேரு ஏற்கனவே ஆள் இருக்குன்னாங்க, மத்தவங்க வேண்டாம்னு சொல்லி உள்ள போயிட்டாங்க. ஒருத்தர் நான் பேசி முடிக்கறதுக்குள்ளயே கதவை சாத்திட்டார், அது ரொம்ப மனசுக்கு கஷ்டமா போச்சு. லைசன்ஸ் விஷயம் எல்லாம் நான் இருக்கற இடத்து சட்டப்படி சரியா இருக்கு, அதுல பிரச்சினை இல்ல. கேக்கற விதத்துல ஏதோ தப்பு இருக்குன்னு தோணுது ஆனா என்னன்னு புரியல.

வரப்புநடை:
சட்டம் சரியா இருக்குன்னா அடுத்ததுக்கு போவோம். நீங்க வாயத் திறந்து என்ன சொன்னீங்களோ அதை அப்படியே எழுதுங்க, மெருகு போடாம. எந்த நேரத்துல போனீங்க, என்ன போட்டுட்டு போனீங்க, துப்பாக்கி எங்க இருந்துச்சு, இதையும் சொல்லுங்க.

புதுஏர்கன்:
சனிக்கிழமை காலைல ஏழு மணி வாக்குல போவேன் அண்ணே, அப்பதான் வீட்ல இருப்பாங்கன்னு. கேமோ, அதான் இலை தழை கலர் போட்ட வேட்டை ஜாக்கெட், பேன்ட். ரைஃபிள் கார்ல பின் சீட்டுல உறை போட்டு இருக்கும், சரின்னு சொல்லிட்டா அன்னைக்கே ஆரம்பிச்சிரலாம்னு. சொன்னது இதுதான்: "சார், நான் ஏர் ரைஃபிள் வச்சிருக்கேன், உங்க நிலத்துல வேட்டையாட பெர்மிஷன் கிடைக்குமா?" பாதி இடத்துல அறுவடை நடந்துட்டு இருந்துச்சு.

மாட்டுக்கொட்டகை:
தம்பி, நான் விவசாயி. நாப்பது மாடு, கொஞ்சம் தானியம். உங்களை மாதிரி வருஷத்துக்கு அஞ்சாறு பேரு வந்து கதவைத் தட்டுறாங்க, அதனால அந்தப் பக்கத்துல நின்னு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

நீங்க "வேட்டையாட பெர்மிஷன்"னு சொன்ன உடனே எனக்கு என்ன ஓடும் தெரியுமா, இவருக்கு ஒரு பொழுதுபோக்கு வேணும் அதுக்கு என் நிலம் வேணும், அவ்வளவுதான். எனக்கு என்ன கிடைக்கும்னு அதுல ஒரு வார்த்தை இல்ல. அதுக்கு மேல முகம் தெரியாத ஆள், காட்டு வேட்டைக்கு கிளம்பின டிரெஸ், கார்ல துப்பாக்கி, காலைல பால் கறக்கற நேரம். வீட்ல பிள்ளைங்க இருக்கு. அறுவடை நேரத்துல மழை வரதுக்குள்ள மிஷினை முடிச்சு அனுப்பணும்னு உயிரை விட்டுட்டு இருப்போம், அப்ப கடவுளே வந்து கேட்டாலும் அப்புறம் வாங்கன்னுதான் சொல்லுவோம்.

இன்னொன்னு. எங்களுக்கு சுடறது பயம் இல்ல, சுட்டுட்டு போன பிறகு என்ன கிடக்கும்ங்கறதுதான் பயம். ஒரு தடவை ஒருத்தரை விட்டேன். கேட்டைத் திறந்து போட்டுட்டு போயிட்டார், பன்னெண்டு கிடேரி ரோட்டுல நின்னுச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு. அன்னைக்கு ஒரு லாரி வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இப்பவும் தூக்கம் வராது. தண்ணி டேங்குல பெல்லட், அதான் ஏர் ரைஃபிள் குண்டு, பட்டு ஓட்டை வேற. அவர் கெட்டவர் இல்ல, ஆனா அவருக்கு அது என் பொழப்புன்னு தெரியல. அதுக்கப்புறம் நாலு வருஷம் யாரையும் உள்ள விடல. உங்களுக்கு முன்னாடி யாரு வந்து என்ன பண்ணிட்டு போனாங்களோ, அந்தக் கோவமும் சேந்துதான் உங்க மேல விழுது.

வரப்புநடை:
மேல சொன்னதுல ஒவ்வொரு வரியும் உண்மை. நான் பதினெட்டு வருஷமா இதைப் பண்றேன், இப்ப ஏழு பண்ணை இருக்கு. அதுல ஆறு எலியில ஆரம்பிச்சதுதான்.

முயல்னு கேட்டு போகாதீங்க, எலின்னு கேட்டு போங்க. முயலால வர நஷ்டம் வயல் ஓரத்துல மெதுவா நடக்கும், நிறைய பேரு சகிச்சிட்டு போயிடுவாங்க. எலி அப்படி இல்ல, தீவன மூட்டையைக் கிழிக்கும், வயரைக் கடிக்கும், அது பெய்யற மூத்திரத்துல லெப்டோஸ்பைரோசிஸ், அதான் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், அது மாட்டுக்கும் வரும் மனுஷனுக்கும் வரும். 21ல இருந்து 23 நாள்ல குட்டி போடும், போட்ட ஒரு நாள் ரெண்டு நாள்லயே மறுபடி சினை ஆயிடும். அதனால கொட்டகை வச்சிருக்கற எவருக்கும் "எலி எப்படி இருக்கு இப்ப?"னு கேட்டா பேச ஆரம்பிச்சிடுவார். அவரைப் பேச விடுங்க, நீங்க கம்மியா பேசுங்க.

மருந்து வைக்கறாரேன்னு நினைப்பீங்க. ரத்தம் உறைய விடாத மருந்துங்க தின்ன எலி சாக மூணு நாலு நாளுக்கு மேல ஆகும், அதுக்குள்ள தள்ளாடிட்டு வெளிய திரியும், ஆந்தை பிடிச்சு தின்னா ஆந்தைக்கும் விஷம் ஏறும். சுடறதுல அந்தத் தொல்லை இல்லைன்னு சொல்லலாம். ஆனா சுட்டே எலியை ஒழிச்சிருவேன்னு மட்டும் சொல்லாதீங்க, அது பொய், விவசாயிக்கு அது தெரியும். குறைக்கலாம், அவ்வளவுதான். சிந்தின தானியத்தைக் கூட்டி, ஓட்டையை அடைச்சு, அதோட சேத்து சுட்டாதான் பலன்.

கொட்டகைக்குள்ள சுடறதுல ஒரு விஷயம், தூரம் எட்டு பத்து மீட்டர்தான் இருக்கும், சிமென்ட் தரை, இரும்புத் தூண், பெல்லட் திரும்பி வரும். கண்ணுக்கு பாதுகாப்புக் கண்ணாடி போடாம ஒரு ஷாட் கூட அடிக்காதீங்க. மாடு உள்ள கட்டியிருக்கறப்ப வேண்டவே வேண்டாம். முதல்ல பகல்ல போய் பாருங்க, எங்கெங்க பின்னாடி மண்ணோ வைக்கோலோ இருக்குன்னு ஓனரோட சேந்து குறிச்சுக்கோங்க. "இந்தப் பக்கம் நான் சுடவே மாட்டேன்"னு நீங்களா ஒரு இடத்தைக் காட்டி சொல்லிப் பாருங்க, அவர் முகமே மாறும்.

பழையஸ்கோப்:
ப்ரோ கேமோ வேண்டாம். சாதா சட்டை, பழைய பூட்ஸ். துப்பாக்கியை வீட்ல வச்சிட்டு போங்க. மதிய சாப்பாட்டுக்கு அப்புறமா, மழை நாள் இன்னும் நல்லது, வேலை கம்மி.

புதுஏர்கன்:
படிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்துட்டேன். மாட்டுக்கொட்டகை அண்ணே, நன்றி, இதை யாரும் எனக்கு நேர்ல சொல்லல. கதவை சாத்தினவர் மேல இருந்த வருத்தமும் போயிடுச்சு. மறுபடி முயற்சி பண்ணிட்டு வந்து எழுதறேன்.

*(மூணு வாரம் கழிச்சு)*

புதுஏர்கன்:
அப்டேட். நாலு இடம் போனேன். துப்பாக்கி இல்ல, கேமோ இல்ல, மதியம் மூணு மணி. ஒரு அட்டைல பேர், நம்பர், இன்சூரன்ஸ் இருக்குங்கற விவரம் எழுதி எடுத்துட்டு போனேன். முதல் ரெண்டு இடம் வேண்டாம்னாங்க ஆனா நல்லா பேசி அனுப்பினாங்க. மூணாவது இடத்துல வேலி கம்பி ஒன்னு அறுந்து கிடந்துச்சு, அவர் தனியா இழுத்துட்டு இருந்தார், நானும் பிடிச்சேன், ஒரு மணி நேரம் அதுலயே போச்சு. அப்புறம் எலி பத்தி கேட்டேன். நேரா தீவன ரூமுக்கு கூட்டிட்டு போய் காட்டினார், சுவர் ஓரம் பூரா புழுக்கை, பலகைல பல் தடம். முயலும் இருக்கு, மேற்கால வயல்ல நாலு வரிசை நாத்து வேரோட போச்சு, அதையும் பாத்துக்கோன்னு அவரே சொல்லிட்டார்!!

இப்ப சிக்கல் என்னன்னா, கிளம்பறப்பதான் சொன்னார், நிலம் அவரோடது இல்லையாம், குத்தகை. ஓனர் வேற ஊர்ல. இவர் சரின்னு சொன்னது போதுமா?

வரப்புநடை:
போதும்னு நினைச்சு போயிடாதீங்க. நிலத்தோட ஓனர் ஒருத்தர், உழறவர் ஒருத்தர், அங்க வேட்டையாடற உரிமை மூணாவது ஒருத்தர்கிட்ட, இப்படி இருக்கறது சகஜம். ஓனர் அந்த உரிமையை வேற குழுவுக்கு குத்தகைக்கு விட்டிருக்கலாம், உங்ககிட்ட சரின்னு சொன்ன ஆளுக்கே அது தெரியாம இருக்கலாம்.

நாட்டுக்கு நாடு இது மாறும். இங்கிலாந்துல 1880லயே ஒரு சட்டம் வந்துச்சு, முயலால பயிர் போகுதுன்னா குத்தகைக்காரரே சுடலாம், அந்த உரிமையை ஓனர் எழுதி வாங்கிக்கவும் முடியாது, ஆனா தனக்குப் பதிலா துப்பாக்கியோட வேற ஆளை அனுப்பறதுன்னா எழுத்துல தரணும். அதே நாட்டுக்கு பக்கத்துல ஸ்காட்லாந்துல 2016 கடைசில இருந்து சாதாரண ஏர் ரைஃபிளுக்கே சான்றிதழ் வேணும், இங்கிலாந்துல குண்டோட வேகசக்தி 12 அடி-பவுண்டு, அதாவது 16 ஜூல் வரைக்கும் இருக்கற ஏர் ரைஃபிளுக்கு அது தேவையில்ல. இந்தியாவுல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இருக்கு, அங்க பட்டியல்ல இருக்கற விலங்கை நில ஓனர் சரின்னு சொன்னா மட்டும் தொட முடியாது. பறவைங்க விஷயத்துல இன்னும் ஜாக்கிரதை, நிறைய நாட்டுல புறா, காக்காவுக்கு கூட தனி நிபந்தனை உண்டு. அதனால பெர்மிஷன்ங்கறது ரெண்டு தடவை வாங்கணும், ஒன்னு சட்டத்துகிட்ட, ஒன்னு மனுஷன்கிட்ட.

குத்தகைக்காரர் மூலமாவே ஓனருக்கு போன் போடச் சொல்லுங்க. நீங்க நேரா போட்டா அவரைத் தாண்டி போன மாதிரி ஆயிடும், அது தப்பு.

பழையஸ்கோப்:
எழுதி வாங்கிருங்க ப்ரோ. ஒரு பக்கம் போதும்.

மாட்டுக்கொட்டகை:
எழுதி வாங்கறது சரிதான், ஆனா முதல் நாளே பேப்பரை நீட்டாதீங்க. பேப்பர்னாலே எங்கள்ல பாதி பேருக்கு பயம், எதுல கையெழுத்து போடறோமோன்னு. ரெண்டாவது தடவை போறப்ப, "போலீஸோ பக்கத்து நிலத்துக்காரரோ கேட்டா காட்டறதுக்கு, உங்களுக்கும் பாதுகாப்பு"ன்னு சொல்லி நீட்டுங்க. எந்தெந்த வயல், என்னென்ன விலங்கு, எந்த தேதி வரைக்கும், நீங்க மட்டும்தானா கூட யாராவது வருவாங்களா, அவர் எப்ப வேணா நிறுத்தலாம்னு ஒரு வரி. வக்கீல் பாஷை வேண்டாம். நிலத்து படம் ஒன்னு கையால வரைஞ்சு எல்லையைக் கோடு போடுங்க, பேசறப்ப "அந்த மரம் வரைக்கும்"னு சொல்லுவோம், எந்த மரம்னு அப்புறம் சண்டை வரும்.

சினை ஆடு, குதிரை இருக்கற பக்கத்து நிலம் இருந்தா அவங்ககிட்டயும் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இருட்டுல லைட் அடிச்சா குதிரை மிரண்டு வேலியில மோதும்.

வரப்புநடை:
நாளைக்கு இதே இடத்துல பெரிய துப்பாக்கி ஆசை வரும், அதுக்காக இப்பவே சொல்லிடறேன். வெடிமருந்துல சுடற சின்ன ரைஃபிளோட 22 ரிம்ஃபயர் தோட்டா ஒன்னரை மைல், கிட்டத்தட்ட 2.4 கிலோமீட்டர் வரைக்கும் போகும், பின்னாடி மண்மேடு இல்லாம வானத்தோட சேத்து தெரியற முயலை சுடவே கூடாது. ஏர் ரைஃபிள்லயும் அதே பழக்கம்தான், பெல்லட் எல்லையைத் தாண்டக் கூடாது. முயலுக்கு 30 மீட்டருக்குள்ள, தலையில மட்டும். பேப்பர்ல நாணயத்துக்குள்ள விழுதுன்னு சொன்னீங்க, நல்லது, ஆனா அது பெஞ்சுல உக்காந்து. ஈரத் தரைல முட்டி போட்டு, காத்துல, மூச்சு வாங்கறப்ப எவ்வளவு தூரம் வரைக்கும் அப்படி விழுதோ அதுதான் உங்க தூரம். அது 20 மீட்டர்னா 20 தான். காயம் பட்டு வளைக்குள்ள போற முயல் உள்ள கிடந்து சாகும், நான் ஆரம்பத்துல ஒன்னை அப்படி விட்டேன், இன்னும் மறக்கல.

செத்ததை அங்கயே போடாதீங்க. ஈய பெல்லட் இருக்கற உடம்பை கழுகு, பருந்து தின்னா அதுக்கும் ஈயம் ஏறும். மாடு மேயற இடத்துல பெல்லட் டப்பா சிந்தினாலும் பொறுக்கிடுங்க, ஈயம் மாட்டுக்கு ஆகவே ஆகாது.

புதுஏர்கன்:
ஓனர் பேசிட்டார். வேட்டை உரிமை வேற யாருக்கும் கொடுக்கலயாம், எலிக்கும் முயலுக்கும் சரி, பறவை வேண்டாம், ராத்திரி பத்துக்கு மேல வேண்டாம்னார். ஒரு பக்கம் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுட்டாங்க, படமும் வரைஞ்சாச்சு, கிழக்கு எல்லை ஓரம் வீடு இருக்கறதால அந்தப் பக்கத்தை நானே சிவப்புல அடிச்சிட்டேன். முட்டி போட்டு அடிச்சுப் பாத்தேன் அண்ணே, 22 மீட்டர் வரைக்கும்தான் வருது. அதுக்கு மேல தூக்க மாட்டேன்.

நேத்து முதல் ராத்திரி. போறதுக்கு முன்னாடி மெசேஜ், கிளம்பறப்ப மெசேஜ். ரெண்டு மணி நேரத்துல ஒன்பது எலி, எதுவும் துடிக்கல. ஒரு ஷாட் விட்டுட்டேன், பின்னாடி வைக்கோல் மேல பட்டுச்சு, அதையும் காலைல அவர்கிட்ட சொன்னேன். கூட்டித் தள்ளறதுக்கு தொடப்பம் நானே எடுத்துட்டு போயிருந்தேன், சிந்தின தீவனத்தையும் அள்ளி டிரம்முல போட்டு மூடி வச்சிட்டு வந்தேன். கேட்டை ரெண்டு தடவை ஆட்டிப் பாத்தேன். அவர் தங்கச்சி வீட்டுக்காரருக்கு அடுத்த பள்ளத்துல கோழிப்பண்ணை இருக்காம், அங்க எலி இதை விட மோசமாம், வர ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு போறேன்னு சொல்லியிருக்கார்.

மாட்டுக்கொட்டகை:
கோழிப்பண்ணைக்குள்ள போறப்ப பூட்ஸை கிருமிநாசினில நனைச்சிட்டு போங்க தம்பி, ஒரு கொட்டகைல இருந்து இன்னொன்னுக்கு நோய் கால் வழியாதான் போகும். அவங்க சொல்றதுக்கு முன்னாடி நீங்களே வாளி எங்கன்னு கேளுங்க.