மறு: கலைச்சொல் பட்டியல் - எக்ஸ்போஷருக்கு (exposure) 'வெளிப்பாடு' சரிவருமா?

> வேலையிடத்துத் தூசு, புகைக்கு ஆளாவதைப் 'பணியிட வெளிப்பாடு' என்றே வைத்துக்கொள்ளலாம். போகப் போகப் பழகிவிடும்.

ஐயா, பழகாது என்றுதான் படுகிறது. வெளிப்பாடு என்றால் உள்ளே இருப்பது வெளியே வருவது. இங்கே வெளியே இருக்கும் தூசு ஆளுக்குள் போகிறது. 'தூசு வெளிப்பாடு' என்று படிப்பவர் ஏதோ இயந்திரம் தூசு கக்குவதாக எடுத்துக்கொள்வார், அதற்கு 'உமிழ்வு' ஏற்கெனவே இருக்கிறது.

இன்னொருவர் சொன்ன 'பாதிப்பு' இதைவிடச் சிக்கல். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருப்பதால் இந்த நாட்டுக் கதையையே சொல்கிறேன். தங்கச் சுரங்கத்தில் பாறையைத் துளைக்கும்போது கிளம்பும் சிலிக்காத் தூசில் கண்ணுக்கே தெரியாத துகள்கள் நுரையீரலின் காற்றறை வரை போய்விடும், அவற்றை விழுங்கும் செல்கள் செத்து, அந்த இடம் மெல்ல மெல்லத் தழும்பாகி இறுகும், இதற்குப் பல வருடம் பிடிக்கும், வேலையை விட்டு ஊர் திரும்பிய பிறகும் நோய் தலைகாட்டும். காசநோயும் சுலபமாகத் தொற்றிக்கொள்ளும். அதனால்தான் 2018-இல் ஆறு சுரங்கக் கம்பெனிகளோடு ஏற்பட்டு, 2019-இல் நீதிமன்றம் ஏற்ற இழப்பீட்டு உடன்பாடு 1965 மார்ச் வரை பின்னோக்கிப் போகிறது. அதில் ஒருவர் எந்தச் சுரங்கத்தில் எவ்வளவு காலம் இருந்தார் என்பது ஒரு கேள்வி, நோய் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் 'பாதிப்பு' என்று போட்டால் படிவத்தை யார் நிரப்புவது?

என் யோசனை 'படுதல்'. வெயில் படுகிறது, தூசு படுகிறது என்று எல்லோரும் சொல்வதுதான். படுதல் காலம், படுதல் அளவு, படுதல் வரம்பு என்று தொடர்களும் அமையும். (தயவுசெய்து 'படுகை' என்று சுருக்காதீர்கள், ஆறு குறுக்கே வந்துவிடும்.) பட்டதில் உடம்புக்குள் போனது எவ்வளவு என்பது வேறு கணக்கு, அதை 'உட்சென்ற அளவு' எனலாம்.

---

அக்கா, 'படுதல்' எனக்குச் சம்மதம். ஆனால் முன்னொட்டில் 'பணியிட' வேண்டாம். 'பணி' என்றதும் மேசையும் கோப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. 'வேலையிட' என்றாலும் போதாது. உங்கள் நாட்டு வட கேப் பகுதியையே பாருங்கள், நீல ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கப் பக்கம் நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய் பற்றி 1960-இல் வெளியான ஆய்வில் இருந்த 33 பேரில் சிலர் சுரங்கத்தில் வேலையே செய்யாதவர்கள், சின்ன வயதில் அருகில் குடியிருந்தவர்கள். தூசு படிந்த வேலை உடுப்பை வீட்டில் துவைப்பவருக்கும் படத்தானே செய்யும்? அவருக்கு அது வேலையிடம் இல்லையே. 'வேலைவழிப் படுதல்' என்றால் துவைப்பவரும் அடங்குவார்.

---

துவைப்பவர் சரி, அவருக்கு வந்தது வேலையின் வழியாகத்தான். பக்கத்தில் குடியிருந்த பிள்ளையை எப்படிச் சேர்ப்பது? அதற்குச் 'சூழல்வழிப் படுதல்' என்று தனியே வைப்போம். தொழிற்சாலைக்குள் அளவெடுக்கும் இடங்களில் மட்டும் 'வேலையிடப் படுதல்'. ஆக மூன்று. யாருக்கும் மறுப்பு இல்லை என்றால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.