நற்கருணை விளக்கு விடியும்வரை அணையாமல் எரிய என்ன செய்யலாம்?

அனைவருக்கும் வணக்கம். நீலகிரியில் எங்கள் சின்னக் கத்தோலிக்கக் கோவிலில், நற்கருணை (இயேசுவின் உடலாக நாங்கள் வணங்கும் அப்பம்) வைத்திருக்கும் பேழை முன் எரியும் விளக்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. முன்பு பார்த்த கோவில்பிள்ளை (கோவில் பணியாளர்) தாத்தாவுக்கு வயதாகிவிட்டது.

தேங்காய் எண்ணெய்தான் ஊற்றுகிறோம். பனிக்காலத்தில் அது வெண்ணெய் மாதிரி உறைந்து, திரியின் அடியில் மட்டும் ஒரு குழி உருகி நிற்கிறது. காலைத் திருப்பலிக்கு (பூசைக்கு) கதவைத் திறந்தால் விளக்கின் சிவப்புக் கண்ணாடி இருண்டு கிடக்கும். மனசு கேட்பதில்லை. நல்லெண்ணெய்க்கு மாற்றினேன், உறையவில்லை, ஆனால் கண்ணாடியின் உள்பக்கம் கரி படிகிறது. திரி தடிமனா, எண்ணெயா, எது காரணம்? இரண்டையும் கலந்து ஊற்றுபவர்கள் என்ன அளவில் கலக்கிறீர்கள்?

மின்விளக்கு மாட்டிவிடலாம் என்கிறார்கள் சிலர். எனக்கு மனமில்லை. 1983 திருச்சபைச் சட்டம் 940, பேழைமுன் விளக்கு எப்போதும் எரிய வேண்டும் என்கிறது. திருப்பலி முறைகளைச் சொல்லும் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை எண்ணெய் அல்லது மெழுகு என்றே சொல்கிறது. மெழுகு விளக்கு வைத்திருப்பவர்கள், ஒன்று எத்தனை நாள் வருகிறது, எங்கே வாங்குகிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று. பீடத்துக்குப் பூ வைக்க வரும் பிள்ளைகள் பேழையைக் கடக்கும்போது முழங்காலிட்டு வணங்காமல் ஓடிவிடுகிறார்கள். தாத்தா முழங்கால் வலியோடும் தூணைப் பிடித்து வலது முழங்காலைத் தரையில் ஊன்றித்தான் எழுவார். அதட்டாமல் இதை எப்படிப் பழக்குவது? மறைக்கல்வி ஆசிரியர்கள் யாராவது வழி சொல்லுங்களேன்.