பழைய 700ஆர்4 கியர்பாக்ஸ்: கியர் மாற்றத்தை அழுத்தமாக்க ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் டெக்சாஸில் வசிக்கும் நான், 700ஆர்4 என்னும் நான்கு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கொண்ட 1987 செவ்ரலே கமாரோ ஒன்றை வைத்திருக்கிறேன். சொகுசுக்காக மென்மையாக அமைக்கப்பட்ட அதன் கியர் மாற்றம், முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகையில் இழுத்தாற்போல் இருப்பதால், அதைச் சற்று அழுத்தமாக்க விரும்புகிறேன். ஆயில் அழுத்தத்தை த்ராட்டிலுக்கு ஏற்ப உயர்த்துவது டிவி கேபிள் எனப்படும் த்ராட்டில் வால்வு கேபிள்தான் என்பதாலும், அது தளர்ந்திருந்தால் கிளட்சுகள் கருகிவிடும் என்பதாலும், முதலில் அதையே சரிபார்த்து முடித்துவிட்டேன்.

இனி, இரண்டாம் கியரின் பேண்டை (டிரம்மைச் சுற்றிப் பிடிக்கும் பட்டையை) கூடுதல் விசையுடன் இறுக்கும் கார்வெட் சர்வோவை (கார்வெட் காருக்கான பெரிய பிஸ்டனை) மட்டும் பொருத்தினால் போதுமா, அல்லது ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு பாடியைக் கழற்றி, கியர் மாற்றத்தை அழுத்தமாக்கும் ஷிஃப்ட் கிட் என்ற பாகத் தொகுப்பும் போட வேண்டுமா? (ஒவ்வொரு கியருக்கும் முதுகில் உதைக்கும் பந்தய வண்டி எனக்கு வேண்டாம்.) மூன்றாம், நான்காம் கியர்களுக்கான பழைய கிளட்சை மாற்றாமலே இந்த வேலையைச் செய்து ஓட்டியவர்கள், தங்கள் அனுபவத்தைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.