நுகர்வு வேறு, இழுப்பு வேறு

அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரு கருவி மின்னோட்டத்தை இழுக்கும் அளவை ஆங்கிலத்தில் ‘current draw’ என்கிறார்களே, அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலுக்கு என் பங்கு இது. குழுவில் ஓர் ஐயா முன்மொழிந்த ‘மின் நுகர்வு’ நல்ல சொல்தான். ஆனால் அதற்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது: யூனிட் கணக்கு. நாம் தேடுவது, ஓடுகிற நேரத்தில் ஒரு கருவி எத்தனை ஆம்பியர் கேட்கிறது என்பதற்கான சொல். 2,000 வாட் கெட்டிலுக்கு, இங்குள்ள 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் வேண்டும். ஐந்து நிமிடம் கொதித்தால் செலவு ஒரு யூனிட்டில் ஆறில் ஒரு பங்குதான். குளிர்பெட்டிக்கு ஓர் ஆம்பியர் அளவே போதும். ஆனால் இரவும் பகலும் விட்டுவிட்டு ஓடி, கெட்டிலைவிட அதிக யூனிட்டைத் தின்றுவிடும்.

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் போன ஜூலைக் குளிரில் நடந்தது இது. கெட்டில், 2,000 வாட் ஹீட்டர், 1,400 வாட் இஸ்திரிப் பெட்டி மூன்றும் ஒரே பிளக் சுற்றில். கூட்டினால் 23 ஆம்பியருக்கு மேல், சுமை மிஞ்சினால் சுற்றைத் துண்டிக்கும் பிரேக்கரோ 20. விழாமல் என்ன செய்யும்? 13 ஆம்பியர் கேட்கும் 3,000 வாட் கீசருக்குத் தனிச் சுற்று கொடுப்பது இதனால்தான். இந்தக் கணக்கில் நுகர்வுக்கு இடமே இல்லை.

‘மின்னீர்ப்பு’ வேண்டாம், புவியீர்ப்பு நினைவுக்கு வரும். ‘இழுமின்’ சுருக்கமாக இருக்கிறது, ஆனால் பழந்தமிழ் படித்தவர் காதில் அது ‘இழுங்கள்!’ என்ற ஏவலாக விழும். தேர்த்திருவிழாவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

என் தேர்வு ‘மின்னிழுப்பு’. ‘கீசர் கரண்டை இழுக்கிறது’ என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்கிறோம். வினை முன்பே இருக்கிறது, பெயரை அதிலிருந்து எடுத்தால் போதும். ‘இழுப்பு’ வலிப்பு நோயின் பெயராயிற்றே என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் குளிர்பெட்டியின் கம்ப்ரசர் கிளம்பும் அந்த நொடியில், ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்குகிறதே, அதற்கு ‘தொடக்க இழுப்பு’ என்பதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? லோட் ஷெட்டிங் எனும் மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும்போது, தெரு முழுக்கக் குளிர்பெட்டிகள் ஒன்றாய்க் கிளம்ப, ஆறிக் கிடந்த கீசர்களும் சேர்ந்துகொள்ளும். மின்சாரம் வந்த வேகத்தில் மறுபடி போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்கான தாளில் ‘மின் நுகர்வு’, ‘மின்னிழுப்பு’ என்ற இரண்டு சொற்களையும் அச்சிட எண்ணம். மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள்.